கோடிக்கரையிற் கண்ட கடற்காக்கை

கடற்காக்கைக்கு நம் நாட்டில் இக்காலத்துப் பெரும்புகழ் இல்லை. மயிலையும் குயிலையும் பற்றிக் கேட்டால் சிறு பிள்ளையும் நாலு வாக்கியம் சொல்லும். கடற்காக்கையைப் பற்றிக் கேட்டாலோ, மீன் இறக்கும் துறையிற் குடலுக்கும் செதிலுக்கும் கூச்சலிட்டுப் போராடும் வெள்ளைக் காக்கை என்பதற்கு மேற் சொல்வார் அரியர். பண்டையோர் இவ்வளவு பராமுகமாய் இருந்தாரல்லர். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியிற் சிறுவெண்காக்கைப் பத்து என்று ஒரு பத்தே தனியாக அமைந்திருக்கின்றது. அச்சிறுவெண்காக்கை இன்று பரதவர் ஆலா என வழங்கும் புள்ளோ, கடற்காக்கையோ என்பதைப் புலமை மிக்கோர் ஆராய்க. கரையிலிருந்து ஒரு வெண்புள்ளைக் கூர்ந்து நோக்கி, அதன் இருப்பையும் பறப்பையும் மனத்திற் கொண்டோர் ஈராயிரம் ஆண்டுக்கு அணித்தாக இந்நாட்டில் இருந்தனர் என்பதே எமக்குப் போதும்.

பறவை நோக்கும் பழக்கமுடையாரிலும் பலர் கடற்காக்கையைக் கண்டால் முகஞ்சுளிப்பர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓர் இனத்துப் பறவையே ஆண்டுக்கு ஆண்டும் பருவத்துக்குப் பருவமும் வேறு வேறு உடை உடுத்தும். சிறிய இனங்கள் முழு வளர்ச்சி பெற இரண்டு ஆண்டுகளும், பெரிய இனங்கள் நான்கு ஆண்டுகளும் செல்லும். அதற்கிடையில் இளம்பறவைகள் பழுப்பும் சாம்பலும் வெண்மையும் கலந்த பல வேஷங்களில் உலவும். போதாக்குறைக்கு வெவ்வேறு இனங்கள் ஒரே உடையை உடுத்து அருகருகே நின்று நம்மை நோக்கும். ஆகவே பூநாரையின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிவிடுதல் எளிது.

நம் கரைக்கு இவை பனிக்கால விருந்தினர். ஐப்பசி கார்த்திகையில் வரும். பங்குனி சித்திரையில் மீளும். மிகுதியாக வருவது பழுப்புத்தலைக் கடற்காக்கை. லடாக்கு, திபெத்து முதலிய உயர்நிலங்களின் ஏரிக்கரைகளிற் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து நம்மிடம் வருவது அது. அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டி 1840-இல் விவரித்தவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்பவர். சென்னைப் படையில் வைத்தியராக இருந்து, சென்னையிலேயே வெளிவந்த ஒரு சஞ்சிகையிற் தென்னாட்டுப் பறவைகளை வரிசைப்படுத்தி எழுதியவர் அவர். பழுப்புத்தலை என்று பெயரிருப்பினும், அது நம்மோடு தங்கும் மாதங்களிற் பெரும்பாலும் அதன் தலை வெள்ளையாகவே இருக்கும். செவியருகே மை தொட்டு வைத்தாற்போல ஒரு பொட்டு மட்டும் காணப்படும். பழுப்பு நிறம் கூடுகட்டும் பருவத்துக்குரியது. புறப்படும் நாள் நெருங்குகையிலேதான் நம் கண்ணுக்குக் கிட்டும். இதனோடு தொகையிற் குறைவாக வந்து கலப்பது கருந்தலைக் கடற்காக்கை. அதுவும் பனிக்காலத்தில் வெண்டலையும் செவிப்பொட்டும் உடையதே.

மூன்றாவது ஒன்று உண்டு. அதனை யாம் இங்கு மெல்லலகுக் கடற்காக்கை என்று வழங்குவோம். 1839-இல் சார்டீனியாத் தீவிலிருந்து விவரிக்கப்பெற்று, டூரின் நகரத்து இயற்கை நூலறிஞர் ஜெனே என்பவரின் பெயரைத் தாங்கியது. மத்தியதரைக் கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றின் ஓரங்களிலும் மத்திய ஆசியாவின் உவர்நீர் ஏரிகளிலும் பிறப்பது. பனிக்காலத்திற் பாரசீக வளைகுடாவிலும், சிந்து, கட்சு, சௌராஷ்டிரக் கரைகளிலும் காணப்படும். தமிழ்நாட்டுக் கரைக்கு ஒன்றும் இரண்டுமாகச் சில வந்து சேர்வதை அறிஞர் பதிந்துள்ளனரெனினும், நாடிச் சென்றாருக்கெல்லாம் அஃது அகப்படுவதில்லை. பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. அலகு மெல்லியது என்பதைவிட நீண்டது என்பதே உண்மை. நெற்றி மேடிட்டு எழாமல் அலகின் அடிவரை சரிந்து இறங்குவதால் அலகு மேலும் நீண்டு தோன்றும். கழுத்தும் நீளம். ஆனால் இந்நீளங்களெல்லாம் பறவை தலை நிமிர்ந்து நிற்கும்போதுதான் புலப்படும். கழுத்தை உள்ளிழுத்து உறங்கும்போது மூன்றினமும் ஒன்றுபோலவே இருக்கும்.

நிற்க. இப்பறவையைப் பற்றி எமக்கு முதன்முதல் உரைத்தவர் நம் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் பெயரை வெளியிடுதல் அவருக்கு உவப்பன்று. பழைய மாணவர்கள் குறிப்பாலேயே உணர்வர். ஆண்டுதோறும் தை மாசி மாதங்களிற் கோடிக்கரைக்குச் சென்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி, நீல மையால் ஒரு கனத்த குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அக்குறிப்பேட்டில் 1997 பிப்ரவரி 2 என்னும் நாளின் கீழ் ஒரு வரி உண்டு. "கடற்காக்கை ஒன்று, நெற்றி சரிவு, செவிப்பொட்டு மங்கல், கண் தெரியவில்லை" என்று எழுதி, எதிரே மெல்லலகுக் கடற்காக்கையின் விஞ்ஞானப் பெயரை இட்டு, அதன் பின் ஒரு வினாக்குறியும் இட்டிருக்கின்றார். அதற்குப் பின் இருபத்தேழு ஆண்டு அவர் அப்பறவையை நாடியும் காணவில்லை. வினாக்குறி அவ்வாறே நின்றது.

2019 முதல் அவருடைய பார்வை குன்றத் தொடங்கிற்று. விழித்திரையின் நடுவிடம் தேய்ந்துபோகும் முதுமை நோய் என்று வைத்தியர் கூறினர். இந்நோயின் இயல்பு விசித்திரமானது. கண்ணின் ஓரப்பார்வை கெடுவதில்லை, நடுப்பார்வையே கெடும். எதனை நேரே நோக்குகின்றோமோ அது மங்கி மறையும்; நோக்காதது தெரியும். சாலையிற் பிறர் கைபற்றாமல் நடப்பார்; எதிரே வருபவர் முகம் அவருக்குத் தெரியாது. கூட்டமாய்ப் பறவைகள் எழுவதைக் காண்பார். தொலைநோக்கியிற் கண்ணை வைத்தால் வட்டத்தின் நடுவே ஒரு சாம்பற் புகையே காண்பார். வாழ்நாளெல்லாம் ஒரு பறவையின் அலகையும் இமையையும் நேரே நோக்கிப் பயின்றவருக்கு இந்நோய் வந்தது. இதனைப் பற்றி அவர் முறையிட்டதை யாம் கேட்டதில்லை. "இன்னும் ஒருமுறை போய் வருவோம்" என்று மட்டும் சென்ற ஆண்டு மார்கழியிற் கூறினார்.

ஆகவே 2025 ஜனவரி 18, சனிக்கிழமை, பொங்கல் விடுமுறையின் முடிவில், அவருடன் யாம் மூவர் கோடிக்கரை சேர்ந்தோம். வேதாரணியத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நிலம் கடலுக்குள் முனையாய் நீளுமிடம் அது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்க்குப் பூங்குழலியின் ஊர். வழியில் இருபுறமும் உப்பளங்கள். 1930-இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்தது இவ்வட்டாரத்திலேதான். 2018 நவம்பரில் அடித்த கஜாப் புயலிற் கோடிக்காட்டின் மரங்கள் எண்ணற்றன வீழ்ந்தன. அவ்வடு இன்னும் முழுதும் ஆறவில்லை. வெளிமான்கள் மட்டும் அன்றுபோலவே புல்வெளியில் நின்று எம்மை நோக்கின. 1967 முதல் இது சரணாலயம். 2002 முதல் ராம்சார் உடன்படிக்கையிற் சேர்ந்த சதுப்பு நிலம்.

வனத்துறையின் காவலர் ஒருவர் எமக்கு வழிகாட்டினார். அவ்வூரிலேயே பிறந்தவர், ஆசிரியரை நீண்டகாலமாக அறிந்தவர். "கடல்காக்கா பார்க்கவா சார் இவ்வளவு தூரம்?" என்று சிரித்தவர், சிறிது தூரம் நடந்தபின் தாமாகவே ஒன்று சொன்னார். "நாலஞ்சு நாளா ஒண்ணு மட்டும் தனியா மேயுது சார். மத்ததெல்லாம் கரையில கெடந்தா அது தண்ணிக்குள்ள நடக்குது. கழுத்தக் கொக்கு மாதிரி நீட்டுது." ஆசிரியர் நடையை நிறுத்தினார். எந்த இடம் என்று கேட்டாரேயன்றி வேறொன்றும் கேட்கவில்லை. காவலருக்கு விஞ்ஞானப் பெயரொன்றும் தெரியாது. ஆயினும் அன்று எமக்குக் கிட்டிய செய்திகளுள் முதலாவதும் செவ்வையானதும் அவர் வாய்மொழியே என்பதை இங்கே எழுதிவைத்தல் எம் கடன். நூல்களில் அவ்வினத்துக்குச் சொல்லப்படும் நடத்தையை அவர் நூல் பாராமற் கண்டு வைத்திருந்தார்.

இடம், உப்பளத்துக்கு நீர் தேக்கும் ஒரு பரந்த ஆழமற்ற பரப்பு. வரப்பின்மேல் யாம் நின்றபோது மணி ஒன்பதரை. கரையோரம் பழுப்புத்தலைக் கடற்காக்கைகள் நூற்றுக்கணக்கில் ஒரே திசை நோக்கி அமர்ந்திருந்தன. காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றதோ அத்திசை நோக்கி அமர்தல் அவற்றின் வழக்கம். இடையிடையே சிவந்த பேரலகுடைய பெரிய ஆலாக்கள். அப்பால் உள்ளான்கள் சேற்றில் ஓடின. மிக அப்பாற் பூநாரைகள் வெளிறிய கோடாய் நின்றன. நீருக்குள் ஏறக்குறைய இருநூறு அடி தொலைவில், காவலர் சொன்னவாறே, ஒன்று மட்டும் தனியே நடந்து மேய்ந்தது.

எம்முள் ஒருவர் தொலைநோக்கியில் அதனைப் பிடித்தவுடன் பெயரை உச்சரிக்க வாயெடுத்தார். ஆசிரியர் கையை உயர்த்தித் தடுத்தார். "பெயர் வேண்டாம் தம்பி. கண்டதைச் சொல்லுங்கள். அதுவும் எனக்குச் சொல்லவேண்டாம், தாளில் எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பாராதிருங்கள்."

அவ்வாறே செய்தோம். ஒருவர் பின் ஒருவராகப் பத்து நிமிஷம் நோக்கி, தனித்தனியே எழுதினோம். இது நேரத்தை வீணாக்குதல் என்று வாசகர் எண்ணக்கூடும். புகைப்படம் எடுத்துவிட்டால் முடிந்ததன்றோ என்றும் கேட்கலாம். நீண்ட கண்ணாடி பூட்டிய படக்கருவி எம்மிடம் இருந்தது. ஆனால் பத்து மணிக்கு மேல் உப்பளத்தின்மேற் கானல் எழும். நீருக்கு மேலே காற்று நெளியும். அந்நெளிவில் அலகு நீளும், குறுகும். கண் ஒரு கணம் கருமையாகும், மறுகணம் இல்லாதாகும். அப்போது எடுத்த படங்கள் எதற்கும் உதவவில்லை.

உண்மையில் எமக்கு இருந்த இடர் கானல் மட்டுமன்று. எம் ஆசிரியர் எதனைக் காண விரும்புகின்றார் என்பதை யாம் மூவரும் அறிவோம். இஃது அவருக்குக் கடைசிப் பயணமாக இருக்கலாம் என்பதையும் அறிவோம். அவர் மகிழ வேண்டுமென்னும் ஆசை எமக்குள் நிறைந்திருந்தது. அவ்வாசையே எம் கண்களுக்குப் பகையாயிற்று. ஒரு பறவை நாம் வேண்டும் உருவாக இருக்க வேண்டுமென்று விரும்பினால், நெற்றி தானே சரியத் தொடங்கும். அலகு தானே நீளத் தொடங்கும். அவர் இதனை எம்மினும் நன்கு அறிந்திருந்தார். அதனாலேயே எமக்குத் தாளைக் கொடுத்துத் தாம் பத்தடி விலகி வரப்பில் அமர்ந்துகொண்டார்.

மூன்று தாள்களையும் பின்னர் எம் மாணவியார் உரக்கப் படித்தார். செவிப்பொட்டு மிக மங்கல் அல்லது இல்லை என்று மூவரும் எழுதியிருந்தோம். கழுத்து நீளம் என்று மூவரும். கால் நிறம் ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு ஆரஞ்சு, மூன்றாமவருக்குக் கறுப்பு. "சேறு பட்ட கால், அதனை விடுங்கள்" என்றார் ஆசிரியர். கண் வெளிறியது என்று இருவர்; தெரியவில்லை என்று ஒருவர்.

"கண் வெளிறியதென்றே வைத்துக்கொள்வோம். அதனால் யாது தெரிகின்றது?"

"கருந்தலை அன்று ஐயா. கருந்தலைக்குக் கண் கரியது."

"பழுப்புத்தலைக்கு?"

யாம் ஒருவரையொருவர் நோக்கினோம். வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காக்கைக்கும் கண் வெளிறியதே. கரையில் அமர்ந்திருந்த நூற்றுக்கணக்கானவையும் வெளிறிய கண்களாலேயே எம்மை நோக்கிக்கொண்டிருந்தன. செவிப்பொட்டு மங்கலாயிருத்தலும் தனியே நின்று வழக்கை முடிக்காது; இறகுதிர் காலத்திற் பொட்டு தேய்ந்த பறவைகள் எல்லா இனத்திலும் உண்டு.

"ஆகவே இறக்கை வேண்டும்" என்றார் அவர். "அது பறக்கும் வரை இருப்போம்."

இங்கே இறக்கையின் நியாயத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். பழுப்புத்தலைக் கடற்காக்கையின் சிறகு நுனி அகன்ற கருமையுடையது. அக்கருமையின் நடுவே, வளர்ந்த பறவைக்கு, சிறு கண்ணாடி பதித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கருந்தலைக்கோ சிறகின் முன்னோரம் நெடுக வெண்ணிற ஆப்பொன்று செருகியதுபோலத் தோன்றும். கருமை நுனியில் மெல்லிய கோடாக மட்டும் நிற்கும். மெல்லலகுக் கடற்காக்கையின் சிறகும் கருந்தலையின் சிறகைப் போன்றதே. ஆகவே இறக்கை பழுப்புத்தலையை நீக்கும், கருந்தலையை நீக்காது. கண் கருந்தலையை நீக்கும், பழுப்புத்தலையை நீக்காது. இரண்டு சான்றும் ஒரே பறவையிடத்து ஒருங்கே கிடைத்தாலன்றி வழக்குத் தீராது. ஒரு சாட்சி மற்றொரு சாட்சி விட்ட இடத்தை நிரப்புவது நீதிமன்றத்தில் மட்டும் நிகழ்வதன்று.

முற்காலத்தில் இத்தனை தொல்லை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பறவையை அறிவதென்றாற் சுட்டு வீழ்த்திக் கையிலெடுத்து அளப்பதே வழி. ஆலன் ஹியூம் அவ்வாறு திரட்டிய பல்லாயிரம் பறவைத் தோல்களை 1885-இல் லண்டன் அருங்காட்சிச் சாலைக்கு ஈந்துவிட்டார்; பின்னாளில் உயிர்க்கொலையையே அவர் வெறுத்தார் என்பர். நம் கடற்கரைக்கு மிக அருகில், தரங்கம்பாடியில், கிறிஸ்தோபர் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களைச் சேகரித்துப் பெர்லின் நகரத்துப் பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். ஒரு மீன் குலம் இன்றும் அவர் பெயரால் ஜானியஸ் என வழங்குகின்றது. அவர்களை இகழ்தல் எம் கருத்தன்று. அவர்கள் கையில் வைத்து அளந்து எழுதியதனாலேயே யாம் இருநூறு அடிக்கு இப்பாலிருந்து ஐயுறவேனும் முடிகின்றது. ஆயினும் கையிற் பறவை இல்லாத நமக்குப் பொறுமையொன்றே துப்பாக்கி.

பொறுத்தோம். நண்பகலில் அப்பறவை மற்றவற்றோடு சேர்ந்து தலையை முதுகிற் புதைத்து உறங்கிற்று. அந்நிலையில் அதனைத் தேடிப் பிரிப்பதே பெரும்பாடாயிற்று. யாம் எலுமிச்சஞ்சாதம் உண்டோம். ஆசிரியர் உப்பளத் தொழிலாளர் இருவரோடு இவ்வாண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மழை நீர் இன்னும் வற்றாததால் உப்பு விளைவு பிந்தும் என்றனர் அவர்கள். மணி மூன்றுக்கு மேல் யாம் வரப்பைச் சுற்றி நடந்து, ஞாயிறு எம் முதுகுப்புறம் இருக்குமாறு மறுகரை சேர்ந்தோம். வெயில் தாழத் தாழக் கானலும் அடங்கிற்று.

நாலரை மணிக்குச் செம்பருந்தொன்று தாழப் பறந்து வந்தது. அவ்வளவே. கரையெல்லாம் ஒருங்கே எழுந்தது. வெண்மையும் சாம்பலும் கருமையும் தலைக்குமேற் சுழன்றன. கூச்சல் காதைத் துளைத்தது. படக்கருவி வைத்திருந்தவர் விடாமல் இயக்கினார். மற்ற இருவரும் நம் பறவையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அது சுற்றி வந்து எம் இடப்புறம் தாழ்ந்தபோது, சாய்ந்த வெயிலிற் சிறகின் முன்னோரம் முழுதும் வெண்மையாய் விளங்கிற்று. அதன் இருமருங்கும் பறந்த பழுப்புத்தலைகளின் கருநுனிகள் அவ்வெண்மையை இரட்டித்துக் காட்டின.

"வெண்ணிற முன்னோரம் ஒன்று கண்டேன்" என்றார் ஆசிரியர். யாம் திரும்பி நோக்கினோம். அவர் கண்கள் பறவைகளை நோக்கவில்லை. நீரின் மறுகரையை நோக்கியிருந்தன. நேரே நோக்கினால் மறையுமென்று அறிந்து, வேறிடம் நோக்கி நின்று, ஓரக்கண்ணாற் கண்டிருந்தார். யாம் களிப்பால் ஆரவாரித்தோம். அவரோ, "பொறுங்கள். அது கருந்தலையாகவும் இருக்கலாம். கண்ணைப் பாருங்கள்" என்றார்.

பருந்து போயிற்று. பறவைகள் இறங்கின. அது எமக்கு நாற்பது தப்படிக்குள் நீரில் இறங்கிக் கழுத்தை நிமிர்த்திற்று. இம்முறை தொலைநோக்கி தேவைப்படவில்லை. கைநோக்கியிலேயே எல்லாம் தெரிந்தது. சரிந்த நெற்றி, அதனோடு ஒரே கோடாய் இறங்கும் நீண்ட அலகு, செந்நிறம் கலந்த இருண்ட அலகு நிறம், வெண்மையான முகத்தில் அங்கு எதுவும் எழுதப்படவில்லை என்னும்படி மறைந்த செவிப்பொட்டு, மார்பில் ஊன்றி நோக்கினாலன்றித் தெரியாத இளஞ்சிவப்புச் சாயல், வெளிறிய கண். முன்பு தெரியவில்லை என்று எழுதியவரே இம்முறை முதலில் எழுதினார். மூன்று தாளிலும் ஒரே விடை.

அதற்குப் பின்னரே ஆசிரியர் பெயரைக் கூறினார். உரக்கக் கூறவில்லை. காவலர், "அப்போ அது வேற காக்காதானா சார்?" என்று கேட்டார். "வேறேதான். நீங்கள்தாம் முதலிற் கண்டீர்கள்" என்றார் அவர். காவலருக்கு அதில் வியப்பொன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியிற் பேருந்தில் அவர் அதிகம் பேசவில்லை. அவர் வருந்தினாரா மகிழ்ந்தாரா என்பதை ஊகித்து எழுத எமக்கு மனமில்லை. எம் மாணவியார் மட்டும், எடுத்த படங்களுள் இரண்டு தெளிவாக விழுந்திருப்பதைப் படக்கருவியின் சிறுதிரையிற் கண்டு அவரிடம் நீட்டினார். அவர் வாங்கி, முகத்தருகே வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மறுவாரம் கல்லூரியின் கணினிக்கூடத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். ஆங்குச் சுவரில் இரண்டு முழத்துக்கு மேல் அகன்ற திரையொன்று உண்டு. அதில் அப்படத்தை ஏற்றி, பறவையின் தலை மட்டும் திரை முழுதும் நிரம்புமாறு பெருக்கினோம். நடுப்பார்வை இழந்தவர்க்கும் உருவம் போதிய அளவு பெரிதானால் ஓரப்பார்வையால் அதன் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொள்ளுதல் கூடும். அவர் நாற்காலியை முன்னிழுத்து அமர்ந்தார். முதலில் அலகின் நுனியிலிருந்து நெற்றிவரை விரலாற் கோடிழுத்துக் காட்டினார். பின் செவியிடத்தைத் தொட்டார். பின்னர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, "கண் வெளிறியதே" என்றார். கல்லூரி மணி அடித்தது. அடுத்த வகுப்பு மாணவர்கள் வாயிலில் வந்து நின்றனர். யாரும் உள்ளே வரவில்லை.

இக்காலத்தில் இத்தகைய செய்திகளைப் பதிவதற்கு ஈ-பேர்ட் என்னும் உலகப் பதிவேடு இணையத்தில் உண்டு. எம்முள் ஒருவர் படங்களோடு அதிற் பதிந்தார். அரிய பறவையாதலின் பரிசீலிப்போர் விளக்கம் கேட்பது வழக்கம். மூன்று தாள்களில் எழுதியதையே சேர்த்து அனுப்பினோம். ஆயினும் எமக்கு முக்கியமாய்த் தோன்றியது நீல மைக் குறிப்பேடே. அவர் கை இப்போது வரிக்கு நேரே எழுத இயலாதாகையால் எம்மையே எழுதச் சொன்னார். அவர் சொல்ல யாம் எழுதியது இது: "2025 ஜனவரி 18. கோடிக்கரை. ஒன்று. முதலிற் கண்டவர் காவலர். நோக்கி எழுதியோர் மூவர். யான் களத்திற் கண்டது சிறகின் முன்னோரம் மட்டும். கண்ணைக் கண்டது படத்தில்." விஞ்ஞானப் பெயருக்குப் பின் வினாக்குறி இல்லை.

பக்கங்களைப் புரட்டிய மாணவியார், 1997-இன் பக்கம் வந்தபோது, "ஐயா, இந்த வினாக்குறியை இனி அடித்துவிடலாமா?" என்று கேட்டார்.

"அன்று நான் கண்ணைக் காணவில்லையே அம்மா" என்றார்.

அது அவ்வாறே இருக்கின்றது. பங்குனித் தொடக்கத்தில் யாம் மீண்டும் கோடிக்கரை சென்றோம்; அவர் வரவில்லை. அப்பரப்பில் நீர் பாதியாய்ச் சுருங்கி, ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. நம் பறவையைக் காணோம். பழுப்புத்தலைகள் நானூற்றுப் பன்னிரண்டு எண்ணினோம். அவற்றுட் சிலவற்றுக்குத் தலை பழுப்பேறத் தொடங்கியிருந்தது.